நான்காவது வரிசையில் சிரிக்கிறவர்

எங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்டவர் முகத்தைப் பார்ப்பேன். உட்கார்ந்து கேட்க நேரம் இருக்கிறவராகத் தெரிந்தால்தான் பதில் சொல்வேன். ‘சிரிக்கிற வேலை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நகர முடியாது. மகளுக்குச் சம்பந்தம் பேசப்போன இடத்தில் ஒருமுறை அப்படித்தான் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மாள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சரிங்க, அது இருக்கட்டும். பிழைப்புக்கு என்ன பண்றாரு?” என்றாள். பிழைப்பே அதுதான் என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசிவரை அவர்கள் நம்பவில்லை. மகளை வேறு இடத்தில் கொடுத்தோம்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்த் தியேட்டரில் தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரே நாடகம். பார்க்க வருகிற அத்தனை பேரும் பயணிகள். இரண்டரைக்கு பஸ்கள் வந்து வாசலில் நிற்கும், முந்நூறு பேர் இறங்குவார்கள், உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளப்பார்கள். தங்க வர்ணம் பூசிய பால்கனி, சிவப்பு வெல்வெட் நாற்காலி, பழைய கட்டடம், அதற்காகவே வருகிறவர்கள் உண்டு. நாலேகாலுக்கு நாடகம் முடிந்தால் பஸ்கள் அவர்களை அருங்காட்சியகத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். இவர்களில் ஒருவருக்கும் எங்கள் பாஷை தெரியாது. கதைச் சுருக்கம் அச்சடித்த தாளைக் கொடுப்போம், அதை வாங்கி விசிறிக்கொள்வார்கள். அப்புறம் எங்கே சிரிப்பது, எங்கே அழுவது? மரியாதை தெரிந்தவர்கள் வேறு. தப்பான இடத்தில் சிரித்துவிடுவோமோ என்று பயந்து, சரியான இடத்திலும் வாயை இறுக மூடிக்கொண்டிருப்பார்கள். ஆரம்பத்தில் மேடையில் நடித்தவர்கள் பாதி நாடகத்திலேயே சோர்ந்துபோவார்களாம்.

அப்போது எங்கள் வீட்டுக்காரர் அங்கே எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஒருநாள் விளக்கு ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்க நான்காவது வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் வேலைக்காரன் வேஷக்காரர் ஏதோ சொல்ல, இவர் சிரித்துவிட்டார். இவர் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயிலிருந்து வருகிற சிரிப்பு இல்லை அது. முதலில் தோள் குலுங்கும், அப்புறம் உள்ளே எங்கேயோ வண்டி ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் சிரிப்பே வெளியில் வரும். பக்கத்தில் இருந்தவர் இவரைப் பார்த்துச் சிரித்தார், அவரைப் பார்த்து அடுத்தவர். ஒரு நிமிஷத்தில் முந்நூறு பேரும். அன்றைக்கு இருந்த மேனேஜர் நாடகம் முடிந்ததும் ஓடி வந்து, “நாளைலேருந்து நீ ஸ்விட்சைத் தொடாதே, இங்கயே உட்காரு” என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

சிரிக்க மட்டுமில்லை. கைதட்ட வேண்டிய இடத்தில் இவர்தான் முதல் தட்டு தட்டுவார். கடைசியில் எஜமான் வேஷக்காரர் நாற்காலியில் சாய்ந்து சாகும்போது, நாற்காலிக் கைப்பிடியிலிருந்து அவர் கை நழுவி விழும். அதுதான் அடையாளம். உடனே இவர் கைக்குட்டையை எடுத்து மூக்கை உறிஞ்சுவார். முந்நூறு பேரும் பையைத் துழாவுவார்கள்.

கூட்டத்தில் ஒருவராகத் தெரிய வேண்டும் என்பதால் இவருக்குப் பயணி வேஷம். பூப்போட்ட சட்டை, வெயில் தொப்பி, கழுத்தில் ஒரு கேமரா. கேமராவுக்குள் ஒன்றும் கிடையாது. இந்தக் கோலத்தில் மனுஷன் தினமும் சொந்தத் தெருவில் இறங்கி வேலைக்கு நடந்து போவார். பிறந்து வளர்ந்த ஊரில், அவரை நிறுத்தி ஹோட்டல் வேணுமா என்று கேட்காத டாக்சிக்காரன் இல்லை. ஒருவன் விடாப்பிடியாகத் துரத்திக்கொண்டே வந்து எங்கள் வீட்டு வாசலையே காட்டி, “சார், இந்த மாதிரி பழைய வீடெல்லாம் இனிமே பார்க்க முடியாது, ஒரு போட்டோ எடுத்துக்குங்க” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. இவர் என்னடாவென்றால் கேமராவைத் தூக்கி ஒரு போட்டோ எடுக்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு உள்ளே வந்தார்.

வீட்டில் சிரிக்க மாட்டார். நான் ஏதாவது தமாஷாகச் சொன்னால், “நல்லா இருக்கு” என்று ஒப்புக்கொள்வார், அவ்வளவுதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இன்னிக்கு லீவு” என்றார். இப்படி ஒரு மனுஷனோடு நான் முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன்.

நானும் அதே தியேட்டரில்தான் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பயணிகளின் பை, குடை, கைத்தடி, குழந்தையைத் தள்ளுகிற வண்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கிற இடம் என்னுடையது. ஆட்கள் எல்லாரும் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் வெளியே. பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அந்த நாடகத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சத்தத்தைக் கேட்டே எங்கே வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். சிரிப்பு, சிரிப்பு, கைதட்டல், நாற்காலி உருளுகிற சத்தம், சிரிப்பு. நாலு பத்துக்கு முந்நூறு மூக்கு உறிஞ்சுகிற சத்தம். உடனே நான் பைகளை வரிசையாக எடுத்து வைக்க ஆரம்பிப்பேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், இரண்டு கையிலும் கடைச் சாமான்களோடு வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறேன், திறக்கவில்லை. பெல் அடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மனுஷன் நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். கத்தினேன். மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து அவளும் கத்தினாள். எதிர்வீட்டு டெய்லர் கத்திரிக்கோலும் கையுமாக வந்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து இவர் குப்பைக் கூடையோடு கதவைத் திறந்து, வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார். அன்றைக்குச் சாயந்திரமே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு காதும் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் சுத்தமாகப் போய்விட்டது. மிஷின் வைத்துப் பார்த்தோம். தியேட்டருக்குள் அதில் கேட்டதெல்லாம் ஏசியின் இரைச்சலும் பக்கத்து சீட்டுக்காரர் பிஸ்கட் பிரிக்கிற சத்தமும்தானாம். மேடைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்.

“யாருக்கும் தெரியக் கூடாது” என்றார். எனக்கும் புரிந்தது. இப்போது இருக்கிற மேனேஜர் இளவட்டம். மேடைக்கு மேலே ஒரு போர்டு மாட்டி, அதில் ‘சிரிக்கலாம்’, ‘கைதட்டலாம்’ என்று ஆறு பாஷையில் விளக்கு எரிய வேண்டும் என்பது அவருடைய கனவு. போர்டே வாங்கி ஆபீஸில் வைத்திருந்தார். செவிடன் ஒருவனை வைத்துச் சிரிக்கவைக்கிறோம் என்று தெரிந்தால் அதே மத்தியானம் போர்டு மேலே ஏறிவிடும், இவர் கீழே இறங்கிவிடுவார். ஐம்பத்தெட்டு வயதில், சிரிக்கத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு இடத்துக்கு வேலை கேட்டுப் போக முடியுமா?

ஆனால் இவர் சமாளித்தார். அதைச் சொல்லியே ஆக வேண்டும். நாடகம் மனப்பாடம். சமயம் மட்டும் தெரிந்தால் போதும். வேலைக்காரன் வேஷக்காரருக்கு ஒரு பழக்கம், சிரிப்பு வசனம் சொல்லி முடித்ததும் தலையிலிருந்த குல்லாவை எடுத்துவிட்டு மண்டையைத் தடவுவார். பதினாலு தடவை எடுப்பார். குல்லா கையில் வந்தால் சிரிப்பு. கை நழுவினால் கைக்குட்டை. மூன்று வருஷம் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல் ஓட்டிவிட்டார். என்னோடு பேசுவதற்குக் கஷ்டமே இல்லை. இத்தனை வருஷமாக என் வாயைப் பார்த்துப் பார்த்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது உதடு அசையும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் குல்லாக்காரர் போன மாதம் மகள் வீட்டோடு போய் இருக்கக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு புது ஆள் வந்தார். நடிப்பைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவர் என்பதால் எல்லோரும் அவரைப் ‘படிச்சவர்’ என்றே கூப்பிட்டோம். தண்ணீர் குடிப்பதானாலும் யோசித்துத்தான் குடிப்பார். பழையவர் எடுத்த இடத்திலெல்லாம் அவரும் ஒழுங்காகக் குல்லாவை எடுத்தார், எங்கள் வயிற்றில் பால் வார்த்தார்.

நாலாவது நாள் அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. எஜமான் சாகக் கிடக்கிறார், பக்கத்தில் நிற்கிற விசுவாசமான வேலைக்காரன் தலையில் குல்லாவோடா நிற்பான்? மரியாதைக்கு அதை எடுக்க மாட்டானா? யாரிடமும் சொல்லவில்லை. எடுத்துவிட்டார்.

நாலு எட்டு. நான் பைகளிடம் போகலாமா என்று எழுந்தேன். உள்ளேயிருந்து அந்த வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். ஐயோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் தோளைக் குலுக்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சாவு ஸீன். முந்நூறு பேரும் சிரிக்கிறார்கள். பாவம், அவ்வளவு நேரம் என்ன சோகமோ என்று முகத்தை இறுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு விடுதலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

நாற்காலியில் செத்துக்கொண்டிருந்தவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். சிரிப்பு இரட்டிப்பானது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சீக்கிரம் செத்துவிடப் பார்த்தார், அதற்கும் சிரித்தார்கள். கை நழுவியது. எங்கள் வீட்டுக்காரர் கடமை தவறாமல் கைக்குட்டையை எடுத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்திருந்த முந்நூறு பேரும் எடுத்தார்கள். திரை விழுந்தது.

இவர் வெளியே வந்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. “இன்னிக்கு வந்தது நல்ல கூட்டம்” என்றார். நான் அவரைப் பை அடுக்கி வைத்திருக்கிற அறைக்குள் இழுத்து, கதவைச் சாத்தி, உதட்டைப் பிரித்துப் பிரித்து நடந்ததைச் சொன்னேன். அந்த முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். ஒரு பயணியின் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் எஜமான் வேஷக்காரர் ஒப்பனை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவரை நாங்கள் மேடைக்கு வெளியிலும் எஜமான் என்றுதான் சொல்வோம். இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் செத்தவர். மேனேஜர் கதவைத் தட்டி, “எஜமான், பயணிகளைக் கூட்டிட்டு வந்த கைடம்மா ரொம்ப சந்தோஷப்பட்டுப் போறாங்க. சிரிச்சுட்டே சாகற மாதிரி ஒரு நாடகம் எங்கயும் பார்த்ததில்லையாம். இதையே வெச்சுக்கலாமே!” என்றார். உள்ளேயிருந்து பதில் வந்தது: “நாளைலேருந்து நான் சாக மாட்டேன்.”

வழியெல்லாம் நான் இவருக்கு ஓதிக்கொண்டே வந்தேன். இருமல் வந்துச்சுன்னு சொல்லுங்க. பக்கத்து சீட்டுக்காரன் கிச்சுக்கிச்சு மூட்டினான்னு சொல்லுங்க. காது பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க. இவர் என் வாயைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார். வீட்டில் சாப்பிடவும் இல்லை.

காலையில் எழுந்ததும், “அந்த மனுஷன் தன் நடிப்புதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருப்பாரு” என்றார்.

“நினைச்சுட்டுப் போகட்டும். ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“இருபது வருஷம் செத்திருக்காரு.”

“செத்தா என்ன? நம்ம பிழைப்பு என்னங்க ஆகும்?”

“அதுக்காக அவரை உயிரோட கொல்லச் சொல்றியா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பூப்போட்ட சட்டையைத் தூக்கி வீசினேன். அப்புறம் நானும் பின்னாலேயே போனேன். இவர் பேசுவதற்கு எஜமான் என்ன பதில் சொல்கிறார் என்பதை இவருக்குச் சொல்ல ஆள் வேண்டுமே.

எஜமான் வீட்டு ஹாலில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. மகன் ஊருக்குப் போய்விடப் போகிறாராம். நேற்றைய பவுடர் காதோரத்தில் இன்னும் அழியவில்லை. எங்கள் வீட்டுக்காரர் நின்றபடியே சொல்லிவிட்டார்.

“அண்ணே, எனக்குக் காது கேக்காது. குல்லாவைப் பார்த்து சிரிச்சேன். உங்க நடிப்புல ஒரு குறையும் இல்லை.”

எஜமான் முகம் மலர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு மலர்ச்சி. எழுந்து வந்து இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “அதானே! நான் என்ன குறை வெச்சேன்னு விடிய விடிய முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன் தம்பி” என்றார். அப்பாடா என்று நான் நாற்காலியில் உட்காரப் போனேன்.

“எத்தனை நாளா கேக்கல?” என்று கேட்டார் எஜமான்.

நான் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறேன். இவர் கண்ணைப் பார்க்காமல் அவர் உதட்டைப் பார்த்து ஒருமாதிரி புரிந்துகொண்டு, “மூணு வருஷமா” என்றார்.

எஜமான் கையை எடுத்துக்கொண்டார். “மூணு வருஷமா தினம் நாடகம் முடிஞ்சதும் வந்து, ‘அண்ணே, இன்னிக்குக் குரல் கணீர்னு இருந்துச்சு’ன்னு சொன்னியே. அது?”

இவர் என்னைப் பார்த்தார். எஜமான் கேட்டதை நான் அப்படியே உதட்டை அசைத்துச் சொன்னேன். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருந்திருக்கும்ணே” என்றார்.

எஜமான் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மகன் ஊருக்குப் போகவில்லை. இரண்டு மணிக்கே தியேட்டருக்கு வந்து, வாட்ச்மேனிலிருந்து மேனேஜர்வரை ஒருவர் விடாமல், “செவிட்டுப் பயல் மூணு வருஷமா என்னை ஏமாத்தினான்” என்று சொல்லிவிட்டுத்தான் வேஷம் போட உட்கார்ந்தார். இரண்டரைக்கு போர்டு மேலே ஏறிவிட்டது.

எங்கள் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்தார். முதல் நாள் பூப்போட்ட சட்டைகளை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டார். இரண்டாம் நாளும் அதே சட்டைகளை இஸ்திரி போட்டார். மூன்றாம் நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் வேலைக்குக் கிளம்பும்போது, “எல்லாரும் சிரிக்கிறாங்களா?” என்று கேட்டார்.

சிரிக்கவில்லை, அதுதான் உண்மை. போர்டில் ‘சிரிக்கலாம்’ என்று விளக்கு எரிந்ததும் முந்நூறு பேரும் போனை எடுத்து போர்டைப் படம் பிடித்தார்கள். எழுந்து நின்று போர்டு பின்னால் தெரிகிற மாதிரி தங்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கையைத் தூக்கி, தன் பாஷை அதில் இல்லையே என்று நாடகத்துக்கு நடுவில் புகார் சொன்னார். சாவு ஸீனில் ‘கண்ணீர் விடலாம்’ என்று எரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். கைடம்மா மேனேஜரிடம் வந்து, அடுத்த வாரத்திலிருந்து பஸ்ஸை நேரே அருங்காட்சியகத்துக்கே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஆபீஸுக்குள் நுழைந்தேன். மேனேஜர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தார்.

“சார், அவரை வரச் சொல்லுங்க. பக்கத்துல நான் உட்கார்றேன். சிரிக்கிற இடத்துல கிள்ளுறேன், அழுற இடத்துல கையை அழுத்துறேன்.”

“அதுக்கு நீங்களே சிரிச்சுடலாமே அக்கா? எதுக்கு ரெண்டு பேர்?”

“நான் சிரிச்சா யாரும் கூட சிரிக்க மாட்டாங்க சார்.”

“எங்கே, சிரிங்க பார்ப்போம்.”

சிரித்துக் காட்டினேன். டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேனேஜர் தண்ணீர் குடித்தார். “சரி, அவரையே வரச் சொல்லுங்க. ஒரே ஒரு ஷோ. நான் பின்னாடி நின்னு பார்ப்பேன். சரியா வரலைன்னா போர்டும் வேணாம், அவரும் வேணாம், தியேட்டரையே சும்மா சுத்திக் காட்டி அனுப்பிடலாம்” என்றார். படிச்சவர் வந்து குல்லா விஷயத்தில் இனி ஒழுங்காக இருப்பதாகச் சத்தியம் செய்தார். “தம்பி, குல்லாவை நம்பினது போதும், நீங்க உங்க இஷ்டத்துக்கு யோசிங்க” என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் பை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நான்காவது வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு பூப்போட்ட சட்டை, தொப்பி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. மேனேஜர் பின் கதவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எஜமான் திரையை விலக்கி எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதல் கிள்ளு கொஞ்சம் பலமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் “ஆ” என்றுதான் ஆரம்பித்தார், அதைச் சிரிப்பாக மாற்றியது அவர் சாமர்த்தியம். கூட்டம் சிரித்தது. அதற்கப்புறம் கைக்கு அளவு பிடிபட்டுவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் நான் அவர் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத் தன் புருஷனிடம் ஏதோ சொன்னாள். அவர் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. பிழைப்பு ஆயிற்றே என்று கிள்ளினேன்.

சாவு ஸீன் வந்தது. எஜமான் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் தம்பிக்கும் அந்த நாற்காலிக்காகத்தான் நாடகம் முழுக்கச் சண்டை. இப்போது தம்பி வந்து எதிரில் நிற்கிறான். “நீ உட்காருடா, நான் எழுந்துக்கறேன்” என்று எஜமான் எழுந்திருக்கப் பார்க்கிறார், முடியவில்லை. இந்த வசனத்தைப் பதினோரு வருஷமாகக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறேன். அது வந்தால் பையை எடுத்து வைக்க வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததும் தம்பியைப் பார்த்து அவர் வெட்கப்பட்டாரே, அதை எந்தக் கதவு வழியாகக் கேட்பது? எனக்குக் கண் மறைத்துவிட்டது. கை நழுவியதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. கையை அழுத்த வேண்டும் என்பதை மறந்து, வாயைப் பொத்திக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தேன்.

தியேட்டர் முழுக்க நிசப்தம். முந்நூறு பேரும் யார் முதலில் என்று காத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் என் கைக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். என் முகத்தையே பார்த்தார். தன் குரல் எவ்வளவு சத்தமாகப் போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசி வரிசைவரை கேட்கும்படி, மேனேஜர் காதில் விழும்படி, மேடையில் கிடந்தவர் காதில் விழும்படி கேட்டார்:

“அவ்வளவு நல்லாவா சாகறாரு?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் மேடையைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து முந்நூறு பேரும் பையைத் துழாவினார்கள். செத்துப்போன எஜமான், மூடின கண்ணிலிருந்து பவுடரைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் வழிய, நாற்காலியில் சாய்ந்தபடியே அவரும் ஒரு தடவை தலையை ஆட்டினார். கூட்டம் அதற்கும் அழுதது.